வெள்ளைப் புடவையும் பாகவதர் கிராப்பும்

அம்மாயி வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோன். அதில் போடும் தட்டுகளை இரண்டு இடத்தில் வைத்திருந்தார்கள். கே.பி.சுந்தராம்பாள் பாடியவை, சாமி படங்கள் மாட்டிய உள்ளறையில் திருநீற்று மாடத்துக்குப் பக்கத்தில். எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடியவை, தோட்டத்துச் சாளையில் மஞ்சள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில். பாகவதரைக் கேட்க வேண்டுமென்றால் அம்மாயியின் கொழுந்தனாரான சின்ன அப்பிச்சி பாட்டுப்பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பு வழியே நடப்பார். நான் ஊசி டப்பாவோடு பின்னால் ஓடுவேன்.

ஊஞ்சலூருக்கும் கொடுமுடிக்கும் நடுவில், காளிங்கராயன் வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர் அது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் ரயில் எங்கள் மஞ்சள் காட்டை ஒட்டித்தான் போகும். அந்தப் பாதையில் அடுத்து வருவது கொடுமுடி, சுந்தராம்பாள் பிறந்த ஊர். பாதையின் மறுகோடியில் திருச்சி, பாகவதர் வளர்ந்த ஊர். இருவரும் மேடை ஏறியதில் ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்தவரும் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவருமான எஃப்.ஜி.நடேச ஐயர்தான் அவர். ரயிலில் பாடிக்கொண்டிருந்த கொடுமுடிச் சிறுமியின் குரல் அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். சிறுவன் தியாகராஜனுக்கு அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்ததும் அவரே. ஒரே ரயில் பாதையில் புறப்பட்டு ஒரே காலத்தில் உச்சிக்குப் போன இரண்டு குரல்களில் ஒன்று எங்கள் வீட்டில் சாமி அறைக்குப் போனது, மற்றது சாளைக்குப் போனது. ஏன் என்று கேட்க எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கும் ஒழுங்கைக் குழந்தைகள் கேள்வி கேட்பதில்லை.

பாகவதர் தட்டுகள் வீட்டை விட்டு வெளியேறியது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அம்மாயி சொல்லித்தான் தெரியும். 1944இல் சின்ன அப்பிச்சிக்கு இருபது வயது இருக்கலாம். காதை மூடிப் பிடரியில் இறங்கும் பாகவதர் கிராப், ஜிப்பா, சட்டைப்பையில் ஜவ்வாது டப்பி. அந்தத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். இவர் சைக்கிள் மிதித்து ஈரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே பாட்டுகளைக் கிணற்றுக் கவலை ஓட்டும்போது மாடுகளுக்குப் பாடிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த மாதம் சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறு எழுதிப் பிழைத்தவர் அவர். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலை ஆனார்கள்.

தண்டனைத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு தீர்ப்பு சொன்னார். "கொலக் கேசுல போனவன் தொண்ட இந்த ஊட்டுக்குள்ள கேக்கக் கூடாது." சின்ன அப்பிச்சி அன்றே தட்டுகளைச் சாளைக்கு எடுத்துப் போனார். விடுதலையான செய்தி பேப்பரில் வந்ததும் அவர் ஓடிவந்து தாயிடம் காட்டியிருக்கிறார். "உட்டுட்டா உடட்டும். தட்டு அங்கியே இருக்கட்டும்" என்று கொள்ளுப்பாட்டி மோர் கடைந்துகொண்டே சொன்னாராம். கோர்ட்டில் திரும்பிய வழக்கு எங்கள் வீட்டில் திரும்பவில்லை.

அம்மாயிக்குப் பத்தொன்பது வயதில் தாலி போயிற்று. காய்ச்சலில் படுத்த அப்பிச்சி எழவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மாயி வெள்ளைச் சீலைதான். விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்து, பாட்டுப்பெட்டிக்குச் சாவி கொடுப்பார். சுந்தராம்பாள் என்று அவர் பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நம்ம கொடுமுடியம்மா" என்பார். ஊர்க்காரியைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

1965இல் 'திருவிளையாடல்' வந்தது. டென்ட் கொட்டகையில் மண் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். சிவாஜி வந்தார், சாவித்திரி வந்தார், நாகேஷ் வந்து கொட்டகையே சிரித்தது. அம்மாயி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். முருகனைச் சமாதானம் செய்ய ஔவை வந்து பாடத் தொடங்கியதும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். சுற்றிலும் பார்த்தேன். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சீலைகள் எல்லாம் கூப்பியிருந்தன. முருகனைக் கும்பிடுகிறார்கள் என்று நானும் கும்பிட்டேன். திரையில் அந்த நேரம் முருகன் இல்லை, ஔவையின் முகம் மட்டும் இருந்தது.

கிட்டப்பாவின் கதையை அம்மாயி எனக்குச் சொன்னது அதற்குச் சில வருஷம் கழித்து, நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் இரவில். செங்கோட்டைக்காரர். நாடக மேடையில் அவரை மிஞ்சிய தொண்டை கிடையாது என்று பெயர். 1926இல் இலங்கையில் நாடகம் ஆடப்போன இடத்தில் சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. அடுத்த ஆண்டு கல்யாணம். அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனஸ்தாபம், பிரிவு, கடிதங்கள், கிட்டப்பாவின் குடியும் நோயும். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25. அன்று உடுத்திய வெள்ளையை 1980இல் சாகும்வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார்.

அம்மாயி தேதி எதுவும் சொல்லவில்லை. அவையெல்லாம் நான் பிற்பாடு படித்தவை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "இருபத்தஞ்சு வயசுல போச்சு கண்ணு அந்தம்மாவுக்கு. அப்பறம் ஒரு பூ வெச்சதில்ல. அது பாடறது எங்கிளுக்காகப் பாடறது."

அன்று முதல் அந்தக் குரலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. மேல் ஸ்தாயியில் அவர் ஏறி நிற்கும் ஒவ்வொரு இடமும் ஓர் ஓலமாகக் கேட்டது. முருகா என்று அழைத்தால் கிட்டப்பாவை அழைக்கிறார். அவர் வேலன் வேஷம் கட்டியவர் ஆயிற்றே என்று கணக்கும் சரியாக உட்கார்ந்தது. கதை தெரிந்தபிறகு சங்கீதம் ரொம்பச் சுலபமாகப் புரிந்துவிடுகிறது.

1980இல் அவர் இறந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். வானொலியில் அவர் பாட்டுகளைத் தொடர்ந்து போட்டார்கள். அறையில் இருந்த தோழிகளில் ஒருத்தி, "ஏன்டி இந்தம்மா இப்படிக் கத்துறாங்க?" என்று காதைப் பொத்தினாள். நான் கிட்டப்பா கதையைச் சொன்னேன். அடுத்த பாட்டுக்கு அவள் கண் கலங்கினாள். அந்த மாதம் முழுக்க இதே சங்கதி எங்கள் விடுதியில் நடந்தது. கதை சொல்லாமல் கேட்டவர்களுக்கு அது பழங்காலத்துச் சத்தம். கதை கேட்டுவிட்டுக் கேட்டவர்களுக்கு அழுகை. ஒரே பாட்டு, ஒரே வானொலிப் பெட்டி. அந்த வயதில் இது எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு மகாத்மியத்தின் சாவி என் கையில் இருக்கிறது என்று. பாட்டில் இருப்பது எது, நான் கொண்டுபோய் வைத்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிரித்துக் காட்டியவர் ஓர் ஆர்மோனியக்காரர். எனக்கு ஆசிரியர் வேலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கிடைத்தது. ஸ்பெஷல் நாடகத்துக்குப் பேர்போன சீமை. கோயில் திருவிழா என்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. எல்லாரையும் கட்டி நிறுத்துவது ஆர்மோனியம். நான் வாடகைக்கு இருந்த தெருவில்தான் அந்தப் பெரியவரும் இருந்தார். வயதாகி மேடை குறைந்திருந்தது. சாயந்திரம் திண்ணையில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவரிடம் சுந்தராம்பாள் பற்றிப் பேச்செடுத்து, அந்த மேல் ஸ்தாயி அழுகையைப் பற்றி உருக்கமாக ஏதோ சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்க அழுதுகிட்டே பாடிப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"பாடிப் பாருங்க. அழுதா தொண்டை அடைக்கும். அடைச்ச தொண்டையில மேல் சட்ஜம் எங்கேருந்து நிக்கும்? அந்தம்மா தொண்டை முழுசாத் திறந்து கிடக்குது. அழுகைக்கு நேர் எதிரு அது."

பிறகு பெட்டியில் கட்டையைப் பிடித்துக் காட்டிக்கொண்டே பேசினார். மைக் இல்லாத காலம். கொட்டகை என்றால் ஆயிரக்கணக்கில் சனம். கடைசியில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து கல் வரும். அதனால் ஆணும் பெண்ணும் மேல் கட்டையில்தான் பாடினார்கள். குரலை உள்ளே உருட்டாமல் நேராக வெளியே விட வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டும். வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் வந்துவிட்டால் ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் அதற்கு மேலே எடுக்க வேண்டும். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று இதைச் செய்ய வேண்டியிருந்தவர் சுந்தராம்பாள். "அந்த உசரம் சோகத்துல வந்ததில்ல டீச்சர். போட்டியில வந்தது. சந்தோசத்துல வந்ததுன்னுகூடச் சொல்லலாம்."

அன்றிரவு அதை யோசித்துக்கொண்டே கிடந்தேன். கிட்டப்பா செத்தபிறகு வந்த குரல் என்று நான் நினைத்திருந்தது, அவர் உயிரோடு இருந்தபோதே முழுதாக இருந்திருக்கிறது. 1933க்கு முன்பே இசைத்தட்டில் பதிவாகிவிட்ட பாடகி அவர். பிற்பாடு கிடைத்த அந்தப் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டேன். இசைத்தட்டுத் தேய்மானத்தின் இரைச்சலைத் தாண்டி வருவது அதே திறந்த தொண்டை, அதே எழுத்துச் சுத்தம், அதே ஏற்றம். துக்கம் வந்து சேர்வதற்கு முன்னால் இருந்த குரலிலும் எனக்குத் துக்கம் கேட்டது. அப்படியானால் அதை அங்கே வைத்தது நான்.

அதற்காகத் துக்கம் அவர் சங்கீதத்தை ஒன்றுமே செய்யவில்லை என்று முடித்துவிட முடியாது. செய்தது. ஆனால் தொண்டைக்குள் தேடினால் அகப்படாது. அவர் எதைப் பாடினார், எதைப் பாடவே இல்லை என்ற பட்டியலில் தேட வேண்டும்.

1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் அவர் திரைக்கு வந்தார். அன்றைக்கு யாரும் கேட்டிராத ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். என்னை நிறுத்தியது வேஷம். நந்தனார் ஆண் வேஷம். ஆணோடு ஜோடி சேரமாட்டேன் என்றவர் தானே ஆணாக நின்றுவிட்டார். சபதத்துக்குள் இருந்துகொண்டே நடிப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குப் படுகிறது. பிறகு 'மணிமேகலை', துறவி. 1953இல் ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், மறுபடி துறவி. அடுத்து 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் மறுபடி ஔவை. 1969இல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. நாற்பதாண்டுக்கு மேல் ஒரு பெரும் பாடகி பக்தியும் நீதியும் மட்டும் பாடினார். வேலனிடம் வாயாடிய வள்ளியின் காதல் பாட்டு, ஊடல் பாட்டு, கேலிப் பாட்டு எல்லாம் 25 வயதோடு நின்றன. நமக்குக் கிடைத்த சுந்தராம்பாள் பாதிச் சுந்தராம்பாள். துக்கம் செய்த வேலை அதுதான்.

ஔவை வேஷத்தை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பேசுகிறார்கள். பெண் பிள்ளையாரிடம் போய், என் இளமையை எடுத்துக்கொள் என்று வேண்டுகிறாள். நரைத்த கிழவியாகி ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகிறாள். ராஜாக்கள் எழுந்து நிற்கிறார்கள். இளமையோடு இருந்திருந்தால் வாசல் தாண்டியிருக்க முடியாதவள், கிழவியான பிறகு எந்த வாசலுக்குள்ளும் போகலாம். சுந்தராம்பாள் அந்த வேண்டுதலை நிஜத்தில் செய்தவர். நாடக மேடையில் ஆடும் பெண்ணை அந்தக் காலச் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வெள்ளைப் புடவையும் நெற்றித் திருநீறும் அந்தக் கண்ணைத் தாழ்த்தின. காங்கிரஸ் மேடையில் பாடினார். சட்ட மேலவையில் உறுப்பினராக உட்கார்ந்தார். பத்மஸ்ரீ பெற்றார்.

இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே மனைவி இருந்தவரை மணந்தவர் அவர். இந்தக் கல்யாணம் என்ன கல்யாணம் என்று கேட்க ஊரில் ஆள் இருந்திருக்கும். ஒரு பெண் 47 வருஷம் ஒருவருக்காக வெள்ளை உடுத்தியபின் அவள் மனைவி இல்லை என்று எவர் சொல்ல முடியும்? துக்கமும் அதில் இருந்திருக்கும். உரிமையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். எங்கள் அம்மாயிக்கு வெள்ளையை மற்றவர்கள் உடுத்திவிட்டார்கள். கொடுமுடியம்மா தானே எடுத்து உடுத்தினார். டென்ட் கொட்டகையில் கைகூப்பிய வெள்ளைச் சீலைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கலாம். தங்களுக்கு விதிக்கப்பட்டதைப் போட்டுக்கொண்டே ஒருத்தி ராஜாக்களை எழுந்து நிற்கவைக்கிறாள் என்பதைத்தான் அவர்கள் கும்பிட்டார்களோ என்னவோ.

சாளைக்கு வருகிறேன். பாகவதர் கதையைச் சின்ன அப்பிச்சி ஒரே மாதிரிதான் சொல்வார். சிறை அவரை முடித்துவிட்டது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எல்லாரும் சொல்வதும் அதுவே. விடுதலையாகி வந்தபின் 'ராஜமுக்தி' 1948இல் வந்து ஓடவில்லை. 1952இல் 'அமரகவி', 'ஷியாமளா'. பிறகு 'புது வாழ்வு'. எதுவும் பழைய உயரத்துக்குப் போகவில்லை. நீரிழிவு முற்றி, 1959 நவம்பர் 1ஆம் தேதி ஐம்பதை ஒட்டிய வயதில் இறந்தார்.

ஆனால் அதே வழக்கில் கைதாகி, அதே சிறையில் இருந்து, அதே நாளில் விடுதலையானவர் இன்னொருவரும் உண்டு. என்.எஸ்.கிருஷ்ணன் வெளியே வந்து 1949இல் 'நல்லதம்பி' எடுத்தார், 1951இல் 'மணமகள்' எடுத்தார். சனம் முன்போலவே சிரித்தது. சிறை முடித்தது என்றால் இருவரையும் முடித்திருக்க வேண்டும். சிரிக்க வைப்பவன் சிறைக்குப் போய்வந்தால் அதையும் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். பாகவதர் போட்ட வேஷங்கள் அப்படியல்ல. திருநீலகண்டர், சிவகவி, ஹரிதாஸ் என்று வரிசையாகப் பக்தர்கள். சனம் அவர் பாட்டைக் கேட்டதோடு அவரையும் அந்தப் பக்தர்களில் ஒருவராக வைத்திருந்தது. கொலை வழக்கு என்ற சொல் அந்தப் பிம்பத்தின் மேல் விழுந்தது. நிரபராதி என்ற சொல்லுக்கு அதைத் துடைக்கும் பலம் இருக்கவில்லை.

சினிமாவும் வேறாகிவிட்டது. அவர் சிறையிலிருந்து வந்த இரண்டாம் ஆண்டில் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. 1952இல் 'பராசக்தி'. பாட்டுக்காகக் கதை என்றிருந்தது மாறி, வசனத்துக்காகக் கூட்டம் நின்றது. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் பின்னணிப் பாட்டு வந்ததும் போயிற்று. சிறைக்கே போகாமல் இருந்திருந்தாலும் பாகவதர் இதைச் சந்தித்துத்தான் ஆகவேண்டும். ஒரு காலம் மாறிய கதையைச் சொல்வதைவிட ஒரு மனிதன் வீழ்ந்த கதையைச் சொல்வது சனத்துக்கு எளிது.

இதையெல்லாம் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள் சின்ன அப்பிச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கிராப்பெல்லாம் போய் வழுக்கையாகியிருந்தது. "இருக்கலாஞ் சாமி" என்றார். "ஆனா ஜெயிலுக்கு முந்திக் கேட்டதுக்கும் பின்னாடி கேட்டதுக்கும் எனக்கு வித்தியாசம் இருக்குதே. முந்தி அவரு பாடுனா நானும் அவராட்டப் பாடோணும்னு இருக்கும். பின்னாடி அவரு பாடுனா, பாவம் இந்த மனுசனுக்குப் போயி இப்படி ஆயிப்போச்சேன்னு இருக்கும்." இதைவிடச் சுத்தமாக எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லிவிட முடியாது. அவர் பாகவதரின் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் இருப்பைச் சொன்னார். ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் இரங்கிக் கேட்பவராக ஆகிவிட்டார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் சிறைக்கு முந்திய தட்டுகள். குரல் 1940இல் பதிவானது. கேட்கிற காதுதான் 1947க்குப் பிந்தியது.

கொள்ளுப்பாட்டி காலமாகிப் பல வருஷம் ஆனபின், அம்மாயி ஒருநாள் சின்ன அப்பிச்சியிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங் கொழுந்தனாரே, இன்னும் எதுக்கு அதைத் தூக்கிட்டு வரப்புல நடக்கறீங்க? ஊட்டுலயே வெச்சுக் கேளுங்க. அத்தை இருந்தா ஒண்ணு."

சின்ன அப்பிச்சி சிரித்தார். "இருக்கட்டுங் நங்கை. அங்கியே பழகிப்போச்சு."

அவருக்கு அந்தச் சாளை வேண்டியிருந்தது. வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்டிருந்தால் அவரும் நாலு பேரைப் போல 'ஹரிதாஸ்' காலத்தைச் சொல்லி உச்சுக்கொட்டியிருப்பார். துரத்திவிடப்பட்ட குரலைத் துரத்திவிட்ட இடத்திலேயே தனியாக உட்கார்ந்து கேட்டதில் அவருக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. அம்மாயியும் விடியற்காலை இருட்டில், மருமகள்கள் எழுவதற்கு முன்னால்தான் கொடுமுடியம்மாவைக் கேட்டார். வீட்டுக்கே பொதுவான ஒரே பாட்டுப்பெட்டியில் இரண்டு பேரும் தத்தம் வாழ்க்கையைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. பத்தொன்பது வயதில் வெள்ளை உடுத்தியவளுக்கு, அது தொழில் நுணுக்கம் அம்மாயி, மைக் இல்லாத காலத்து வித்தை என்று போய்ச் சொல்வதால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? நான் சொல்லவில்லை.

ஆனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாருக்காவது பழைய பாட்டைப் போட்டுக் காட்டினால் கதையை முன்னால் சொல்வதில்லை. முதலில் பாட்டு. முழுசாகக் கேட்கட்டும். சுருதி நிற்கிறதா, சொல் விளங்குகிறதா, பிர்கா உருள்கிறதா என்று காது தன் வேலையைச் செய்யட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு கேட்டால் கதை. பாடியவர் தன் ஆயுளைச் செலவழித்துக் கற்றது பாட்டை. பட்ட கஷ்டம் கற்காமலே வந்தது. முதல் மரியாதை கற்றதற்குப் போக வேண்டும். கதையை முன்னால் வைத்தால், அந்தத் திறந்த தொண்டைக்காக அவர் செய்த அசுர சாதகம் முழுவதையும் ஒரு சாவு தட்டிக்கொண்டு போய்விடுகிறது. பாகவதர் விஷயத்தில் ஒரு வழக்கு தட்டிக்கொண்டு போயிற்று.

கதையே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். கதை தெரியாவிட்டால், சுந்தராம்பாள் ஏன் காதல் பாடவில்லை என்ற கேள்வியே எழாது. விட்டுப்போன அந்தப் பாதியைக் காது கண்டுபிடிக்காது, கதைதான் காட்டும். இரண்டும் வேண்டும். முறை மாறக் கூடாது, அவ்வளவே.

போன கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். கைபேசியில் 'அமரகவி' பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்து, "அம்மாயி, இது யாரு? ஜாலியாப் பாடறாரு" என்றான். பாட்டு முடியட்டும் என்று கை காட்டினேன். முடிந்ததும் பெயரைச் சொன்னேன். யார் என்று கேட்டான், சொன்னேன். தங்கத் தட்டில் சாப்பிட்டதாகச் சனம் பேசிக்கொண்டதையும் மூன்று தீபாவளியையும் சொன்னேன். வழக்கையும் சிறையையும் சொன்னேன்.

அவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "இப்பக் கேட்டமே, அது ஜெயிலுக்கு முந்தியா, பிந்தியா?"

"நீ சொல்லு. கேட்டயல்ல?"

"முந்தி."

"பிந்தி" என்றேன். "வெளிய வந்து அஞ்சு வருசம் கழிச்சுப் பாடுனது."

அவன் நம்பவில்லை. "அப்ப ஜெயில்ல அவருக்கு ஒண்ணும் ஆகலையா?"

"அவருக்கு ஆச்சு சாமி. குரலுக்கு ஆகல" என்றேன். அவன் இன்னொரு தடவை போடச் சொன்னான்.